மயக்கத்திலும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன்கள்

பெரிய அறுவை சிகிச்சையின்போது மயக்கவியல் மருத்துவர் கவனிக்கும் பலவற்றில், குழாய் வழியே சிறுநீர் வந்து சேரும் பையும் ஒன்று. 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. பலருக்கு அந்த அளவு வருவதில்லை. சலைன் இறங்கிக்கொண்டே இருக்கும், பை மட்டும் நிறையாது. உடம்பில் தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் அது ஹார்மோன்களின் வேலை.

முதலில் வாசோபிரசின். மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் உருவாகி, அதற்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ரத்தத்தில் கலக்கும். சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களை அது எட்டியதும், அங்குள்ள செல்களின் சவ்வில் அக்வாபோரின் 2 என்னும் நுண்ணிய நீர்வழிகள் வந்து பொருந்துகின்றன. சிறுநீராகப் போகவிருந்த தண்ணீர் அவற்றின் வழியே உடம்புக்கே திரும்புகிறது. மற்ற நாட்களில் ரத்தத்தின் உப்புச் செறிவு 1 சதவீதம் கூடினாலே வாசோபிரசின் சுரக்கும், செறிவு குறைந்தால் நின்றுவிடும்.

அறுவையின்போது இந்தக் கட்டுப்பாடு செல்லாது. இதுதான் எனக்குப் பெரிய வியப்பு. நோயாளிக்கு நினைவில்லை, வலி தெரியவில்லை. ஆனாலும் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நரம்புகள் ஹைப்போதலாமஸுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கின்றன. ரத்தம் நீர்த்திருந்தாலும் வாசோபிரசின் சுரக்கிறது. முதுகில் எபிடியூரல் ஊசி போட்டு அந்த நரம்பு வழியையே மரக்கச் செய்தால், அடிவயிற்று அறுவைகளில் இந்தச் சுரப்பு மட்டுப்படுகிறது.

அப்புறம், மயக்க மருந்துகள் ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் அழுத்தம் இறங்குகிறது. சிறுநீரகம் ரெனின் என்னும் பொருளைச் சுரக்கிறது, அதன் தொடர்ச்சியாக அட்ரீனல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோன் என்னும் ஹார்மோன் வருகிறது. அது உப்பைப் பிடித்துவைக்க, தண்ணீரும் கூடவே தங்கிவிடுகிறது.

சரி, பை நிறையும்வரை சலைன் ஏற்றினால் என்ன? ஏற்றியது வெளியேறாமல் திசுக்களில் தேங்கி நுரையீரலையும் குடலையும் வீங்கவைக்கும். அதற்காக ஒரேயடியாகக் குறைப்பதும் ஆபத்துதான். வயிற்றில் பெரிய அறுவை செய்துகொண்ட சுமார் 3,000 பேரிடம் நடந்து 2018-இல் வெளியான ரிலீஃப் ஆய்வில், திரவத்தைக் கட்டுப்படுத்திய பிரிவில் 8.6 சதவீதம் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டது. தாராளமாகக் கொடுத்த பிரிவில் 5 சதவீதம்தான். எனவே ரத்த அழுத்தம், இதயத் துடிப்பு, ரத்த இழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். பையை மட்டும் நம்பக் கூடாது.

அறுவை முடிந்த பிறகும் வாசோபிரசின் சில நாட்கள் உயர்ந்தே இருக்கலாம். அப்போது சோடியம் குறைந்த திரவங்களை ஏற்றினால் ரத்தத்தின் சோடியம் சரிந்து மூளை வீங்கும். குழந்தைகளுக்கு இது உயிரையே பறிக்கலாம். அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2018-இல், பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தத்துக்கு இணையான சோடியம் உள்ள திரவத்தையே ஏற்றும்படி பரிந்துரைத்தது. அறுவைக்குப் பின் தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு எது வந்தாலும் உடனே சோடியம் அளவைச் சோதிக்க வேண்டும்.