தையல் பிரித்ததும் திமிர் வந்துவிடுமா?

"நல்லா நடக்கிறான், சாப்பிடுறான். வேலைக்குப் போன்னா மட்டும் எரிஞ்சு விழறான் டாக்டர். வெறும் திமிர்." போன வாரமும் ஓர் அப்பா, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார். (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவது என் வேலை. திருத்துவதை விட்டு வருடங்களாயிற்று.)

திமிர் இல்லை. பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபடுபவர்களுக்கு மூளையின் முன்பகுதிதான் பெரும்பாலும் அடிவாங்குகிறது. ஒரு காரியத்தைத் தொடங்குவது, நடுவில் விடாமல் முடிப்பது, வாயில் வந்ததை அடக்குவது எல்லாம் அதன் வேலை. "குளிக்கப் போ" என்றால் "சரி" என்பான். அரை மணி கழித்தும் அதே கட்டிலில் இருப்பான். வேண்டுமென்றே செய்யவில்லை, அவனால் தொடங்க முடியவில்லை. துண்டை எடு, கதவைத் திற என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். தன்னிடம் குறை இருப்பதே தெரியாமல் போவதும் இந்தக் காயத்தின் விளைவுதான்; நீங்கள் அதைப் பொய் என்கிறீர்கள். ஸ்கேன் நார்மல் என்று ஃபைலையும் நீட்டாதீர்கள். சி.டி.யில் ரத்தக்கசிவு தெரியும், நுண்ணிய நரம்பிழைகள் அறுந்தது பெரும்பாலும் தெரியாது.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம். ஆனால் பிழைத்து வீட்டுக்கு வந்தபின் ஓடும் வருடங்களை யார் பார்ப்பது? அதனால்தான், அடிபட்டவர்களும் வீட்டாரும் மாதம் ஒருமுறை கூடும் கூட்டத்துக்கு வாருங்கள் என்கிறேன்.

"மத்தவங்களப் பார்த்தா மனசு ஒடிஞ்சிடுவான்" என்று தயங்குகிறார்கள். நான் பார்ப்பது வேறு. மறதிக்கு நோட்டில் குறித்து வை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்காத பையன் ஒருவன், தலையில் அடிபட்ட லாரி டிரைவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த நோட்டை வாங்கிப் புரட்டினான். "கேஸ் மூடியாச்சு 7.10." "மச்சானுக்கு 500 குடுத்தாச்சு." "இது இல்லேன்னா வீட்டுல தெனமும் சண்டைதான் தம்பி" என்றார் அவர். அடுத்த மாதம் அவன் பையிலும் ஒரு நோட்டு. என் பட்டத்துக்கு இல்லாத செல்வாக்கு!

மனைவிமாருக்குத் தனியாக ஒரு வட்டம் வேண்டும். "உயிரோட வந்தாரே, சாமிய கும்பிடு" என்கிற ஊரில், வந்தவர் பழைய ஆளாக இல்லை என்பதை அவள் வேறு எங்கே சொல்வாள்?

கூட்டம் நடத்துபவர்களுக்கு: ஒரு மணி நேரத்தில் முடியுங்கள், அடிபட்டவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். மைக், பொன்னாடை எதுவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும். "வலிப்பு மாத்திரைய நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகல" என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே தடுங்கள். அதைக் கேட்டு மாத்திரையை விட்டவர் ஐ.சி.யூ.வில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். சாகணும் என்ற பேச்சு வந்தால் ஆறுதலோடு நிறுத்தாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும்.

வீட்டாருக்கு: டாக்டர் சொல்லும்வரை பைக் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். குடி கூடவே கூடாது. அம்மாக்களே, கூட்டத்தில் அவனிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். நேரம் எடுத்தாலும் பரவாயில்லை, பெயரையாவது அவனே சொல்லட்டும், தயவுசெய்து.