அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்ததா, நின்றதா?

போன மாதம் வகுப்பில் பேச்சுப் பயிற்சிக்காக நான் நோயாளியாக நடித்தேன். கட்டில் எல்லாம் கிடையாது, பிளாஸ்டிக் நாற்காலிதான். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஒன்பது வருடம் ஐசியூவில் வேலை பார்த்த நர்ஸ். “ஐ கேம் ஆஃப் த டேப்லட்ஸ் லாஸ்ட் வீக்” என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. “எத்தனை தடவை வாந்தி எடுத்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் அக்கறையோடு கேட்டார். ‘கேம்’ என்றால் வந்தது, ‘ஆஃப்’ என்றால் கழன்று. ஆக, மாத்திரை வெளியே வந்துவிட்டது. கணக்கு போட்ட விதம் சரி, விடைதான் தப்பு. போன வாரத்தோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்பதுதான் நான் சொன்னது. அதுவும் ரத்த அழுத்த மாத்திரை.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் வேலைக்குப் போகிற நர்ஸ்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் ஓஈடி என்கிற, மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வுக்கு. 2017-இல் பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் இதை ஏற்றுக்கொண்ட பிறகு நம் ஊரிலும் இதை எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். என்னிடம் வருகிறவர்களுக்கு ‘ஹைப்பர்டென்ஷன்’, ‘செப்சிஸ்’ எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. படித்ததே அந்த வார்த்தைகளில்தானே. ஆனால் அந்த ஊர் நோயாளி அந்த வார்த்தைகளில் பேசமாட்டார். எழுபது வயதுப் பாட்டி “ஐ வாமிட்டட்” என்பதைவிட “ஐ த்ரூ அப்” என்று சொல்லத்தான் வாய்ப்பு அதிகம். மயங்கி விழுந்தால் ‘பாஸ்ட் அவுட்’. மயக்கம் தெளிந்தால் ‘கேம் ரவுண்ட்’. உடம்பெல்லாம் தடித்துவிட்டால் ‘கேம் அவுட் இன் எ ரேஷ்’. மருந்தின் வேகம் தணிந்துவிட்டால் ‘வோர் ஆஃப்’. இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டதும் அகராதியைப் புரட்டி, ‘வேர்’ என்றால் உடுத்துவது என்று கண்டுபிடித்து, நோயாளி எதை உடுத்தினார் என்று குழம்பி நின்றவர்கள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் ‘கோ வென்ட் கான், கம் கேம் கம்’ என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அதைக் குறை சொல்லமாட்டேன், அது இல்லாமல் நடக்காது. ஆனால் அது பாதிச் சரக்குதான். ‘கேம்’ தனியாக நின்றால் வந்தான், வந்தது, அவ்வளவுதான். ‘கேம் ரவுண்ட்’, ‘கேம் ஆஃப்’, ‘கேம் டவுன் வித்’, ‘கேம் ஆன்’ என்று வால் மாற மாற ஆளே மாறிவிடுகிறது. ‘த பெயின் கேம் ஆன் ஆஃப்டர் டின்னர்’ என்றால் சாப்பிட்ட பிறகு வலி தொடங்கியது.

இதைக் கேட்டதும் “என்ன சார் மொழி இது” என்று சலித்துக்கொள்வார்கள். நம் மொழி மட்டும் என்னவாம்? எடுத்தான், எடுத்துக்கொண்டான், எடுத்துவிட்டான், எடுத்துப்போட்டான். நான்கும் ஒன்றா? நம் வினைக்கும் வால் உண்டு. அந்த வாலை யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித்தரவில்லை, வீட்டில் காதில் விழுந்தே வந்துவிட்டது. ‘ஏட் அப்’ என்பதில் வருகிற ‘அப்’ கிட்டத்தட்ட நம் ‘சாப்பிட்டுவிட்டான்’ என்பதில் இருக்கிற ‘விட்டான்’தான். மிச்சம் வைக்காமல் முடித்தான் என்ற குறிப்பு இரண்டிலும் இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். தமிழில் காலத்தைக் காட்டுவது வால்: எடுத்துவிட்டான், எடுத்துவிடுவான். ஆங்கிலத்தில் காலத்தைக் காட்டுவது தலை: ‘டர்ன்ட் ஆஃப்’, ‘டர்ன்ஸ் ஆஃப்’. வால் எந்தக் காலத்துக்கும் அசையாது. நமக்கு வாலைத் திருகியே பழக்கம் என்பதால், “ஐ ஆஃப்ட் த லைட்” என்று சொல்வதை வகுப்பில் அவ்வப்போது கேட்கிறேன்.

அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ‘ஸ்விட்ச்ட் ஆஃப்’ என்ற ஜோடியிலிருந்து தமிழ் வாலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டது. தலைக்குப் பதிலாகப் ‘பண்ணு’ என்பதை ஒட்டிவிட்டோம். ஃபேனை ஆன் பண்ணு, லைட்டை ஆஃப் பண்ணு. தமிழுக்கு அது சௌகரியம்தான், பேசிவிட்டுப் போகலாம். ஆனால் அதன் விளைவாக ‘ஆஃப்’ என்றாலே அணைவது, நிற்பது என்று மனதில் பதிந்துவிட்டது. அப்புறம் ‘த அலாரம் வென்ட் ஆஃப் அட் த்ரீ’ என்று காதில் விழுந்தால்? வகுப்பில் பாதிப் பேர் “மூன்று மணிக்கு அலாரம் நின்றுவிட்டது” என்று எழுதுவார்கள். உண்மையில் மூன்று மணிக்கு அடித்திருக்கிறது. மருந்து ஏற்றுகிற பம்பின் அலாரம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் மாறும்போது இந்த ஒரு வாக்கியம் தலைகீழாகப் புரிந்தால் என்ன ஆகும் என்று ஐசியூக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதே ‘வென்ட் ஆஃப்’ விளக்குக்கு வந்தால் அணைந்தது, பாலுக்கு வந்தால் கெட்டது, ‘ஹி வென்ட் ஆஃப் ஹிஸ் ஃபுட்’ என்றால் அவருக்குச் சாப்பாடு பிடிக்காமல் போய்விட்டது.

‘பாஸ்ட் அவுட்’ கதை வேறு. நம் ஊரில் காலேஜ் முடித்த எல்லோரும் ‘பாஸ்ட் அவுட்’. இந்திய ஆங்கிலத்தில் அது தப்பில்லை, பிரிட்டனிலும் ராணுவப் பயிற்சி முடிக்கிறவர்களுக்கு அந்தச் சொல் உண்டு. ஆனால் “ஐ பாஸ்ட் அவுட் இன் 2018” என்று அங்கே நேர்காணலில் சொன்னால், 2018-இல் மயங்கி விழுந்தேன் என்றுதான் முதலில் காதில் விழும். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விடமுடியாதது இதன் தங்கை, ‘பாஸ்ட் அவே’. இறந்துபோனார் என்று பொருள். மயங்கியவருக்கு ‘அவே’ போட்டு ஒரு மாணவி மாதிரிக் குறிப்பு எழுதியிருந்தார். அடுத்த வரியில் அந்த நோயாளி தண்ணீர் கேட்டார்.

காதுக்கும் ஒரு பயிற்சி வேண்டும். ‘பாஸ்ட் அவுட்’ என்று நான் பிரித்து எழுதுகிறேனே தவிர, பேச்சில் அது ‘பாஸ்டவுட்’. ‘பிக்ட் அப்’ என்பது ‘பிக்டப்’. இறந்தகாலத்துக்கு இருப்பதே ஒரு சின்ன ‘ட்’. அதுவும் அடுத்த சொல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது. வினையைத் தனியாகத் தேடுகிற காதுக்கு அது அகப்படாது. ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு. வால் வினையுரிச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் அழுத்தம் அதன்மேல் விழும்: ‘ஹி பாஸ்ட் அவுட்’ என்பதில் ‘அவுட்’ ஓங்கி ஒலிக்கும். ‘ஷி லுக்ட் அட் மீ’ என்பதில் ‘அட்’ முன்னிடைச்சொல், அதாவது ப்ரிபொசிஷன், அதைப் பாதி விழுங்கிவிடுவார்கள்.

இரண்டையும் பிரித்தறிய நான் சொல்லித்தருவது ‘இட்’, ‘ஹிம்’ சோதனை. கட்டை அவிழ்த்தேன் என்பதற்கு ‘ஐ டுக் இட் ஆஃப்’ என்று சொல்ல வேண்டும், ‘ஐ டுக் ஆஃப் இட்’ வராது. அவரைப் பார்த்துக்கொண்டேன் என்பதற்கு ‘ஐ லுக்ட் ஆஃப்டர் ஹிம்’. நடுவில் ‘ஹிம்’ நுழையாது. முதலாவதில் வால் வினையுரி, இரண்டாவதில் முன்னிடை. எல்லா இடத்திலும் இந்தச் சோதனை செல்லாது, ஆனால் தினசரிப் பேச்சுக்கு இது போதும்.

நேரம் சொல்வதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. ‘இரண்டு நாளைக்கு முன்னால்’ என்பதை ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர் குழம்பிப்போவார். ‘டூ டேஸ் அகோ’ என்பதுதான் வேண்டியது. வேடிக்கை என்னவென்றால், நம் ‘முன்னால்’ மாதிரியே ‘அகோ’வும் கடைசியில்தான் வருகிறது. ஆங்கிலம் நமக்காகவே தமிழ் வரிசையில் வைத்திருக்கிற ஒரு சொல்லை நாமே தள்ளிவிடுகிறோம்.

எழுத்துத் தேர்வில் கதை தலைகீழ். அங்கே பெரும்பாலும் மருத்துவருக்கோ இன்னொரு நர்ஸுக்கோ கடிதம் எழுத வேண்டும். பாட்டி சொன்ன ‘த்ரூ அப்’ அதில் ‘வாமிட்டட்’ ஆக வேண்டும், ‘பாஸ்ட் அவுட்’ என்பது ‘லாஸ்ட் கான்ஷியஸ்னஸ்’ ஆக வேண்டும். காதால் வாங்குவது ஒரு ஆங்கிலம், கையால் கொடுப்பது இன்னொன்று. வாலோடு வருகிற இந்த வினைகள் வெளிநாட்டாருக்குப் பெரும் சிரமம் என்று அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சன் 1755-இலேயே முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். அதனால் நம் ஆட்கள் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

நோட்டில் வினையைத் தனியாக எழுதவேண்டாம் என்று சொல்கிறேன். ‘த பெயின்கில்லர் வோர் ஆஃப் அட் மிட்நைட்’ என்று முழு வாக்கியமாக, இறந்தகாலத்திலேயே எழுதட்டும். தலையும் வாலும் சேர்ந்தே மனதில் ஏறும். அதைவிட முக்கியம், வார்டில் சந்தேகம் வந்தால் தலையாட்டக்கூடாது. “டூ யூ மீன் யூ ஸ்டாப்ட் டேக்கிங் தெம்?” என்று கேட்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை. நோயாளிகள் அப்படிக் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஊரில் இருந்து திரும்பியவர்களும் இதையே சொல்கிறார்கள்.

அந்த ஐசியூ நர்ஸ் போன வியாழன் மறுபடி வந்தார். இந்த முறை நான், “ஐ ரன் அவுட் ஆஃப் டேப்லட்ஸ்” என்று ஆரம்பிக்க, சட்டென்று நிறுத்தினார். “‘ரன்’ இல்லை சார், ‘ரேன்’. அப்புறம், தீர்ந்துபோச்சா, நீங்களே நிறுத்திட்டீங்களா?”