ஊஞ்சல் கம்பத்தின் நிழல்

ஓணத்தையொட்டி, குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் மரக்கிளையில் ஊஞ்சல் கட்டி ஆடும் வழக்கம் உண்டு. அந்தக் கயிற்று ஊஞ்சலிலும் பள்ளி மைதானத்து இரும்பு ஊஞ்சலிலும் ஆடிய பிள்ளைக்கு ஒன்று உடம்பிலேயே பிடிபட்டிருக்கும்: மரத்து ஊஞ்சல் நிதானமாகப் போய்வரும், பள்ளி ஊஞ்சல் அவசரப்படும்.

காரணம் நீளம். தொங்கும் இடத்திலிருந்து அமர்ந்திருப்பவரின் வயிறு வரை 2 மீட்டர் என்றால், லேசாக ஆட்டிவிட்ட ஊஞ்சல் 10 முறை போய்வர ஏறத்தாழ 28 விநாடி எடுக்கும். 4 மீட்டர் என்றால் 40 விநாடி. நீளம் இரு மடங்கானபோதும் நேரம் இரு மடங்காவதில்லை, சுமார் 1.4 மடங்கே கூடுகிறது. அது 2இன் வர்க்கமூலம். கரும்பலகையில் வறண்டு கிடக்கும் அந்த எண்ணைப் பிள்ளைகள் கைக்கடிகாரத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

தம்பி ஆடினாலும் அண்ணன் ஆடினாலும் நேரம் பெரிதாக மாறாது. எடை கூடும்போது புவி இழுக்கும் விசை கூடுகிறது. ஆனால் அசைக்கவேண்டிய நிறையும் அதே விகிதத்தில் கூடுவதால், ஒன்றை மற்றொன்று சரிக்கட்டிவிடுகிறது. அதே தம்பி பலகைமேல் எழுந்து நின்றாலோ ஊஞ்சல் சற்று விரைவாகப் போய்வரும். அவன் உடலின் நிறைமையம் மேலேறுவதால், கயிற்றைச் சுருக்கியதற்கு ஒப்பான விளைவு உண்டாகிறது. இயற்பியலில் தனி ஊசல் என்பது இதைத்தான். பெண்பாற் பிள்ளைத்தமிழின் ஊசல் பருவத்தைப் படிக்கும் தமிழ் வகுப்புக்கும் அதே சொல்தான்.

ஆனால் குமரி மாவட்டத்துக்கே உரிய பாடம் ஊஞ்சல் கம்பத்தின் நிழலில் இருக்கிறது. கம்பம் சாய்வானதென்றால், தரைக்கு மேல் 2 மீட்டர் நிற்கும்படி ஒரு மூங்கில் கழியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நட்டுக்கொள்ளலாம். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கன்று, 12.20ஐ ஒட்டி. நம் கடிகாரம் காட்டுவது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம்; நாகர்கோவில் அதற்கு மேற்கே ஏறத்தாழ 5 பாகை தள்ளியிருக்கிறது; புவி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகும்.

டிசம்பர் 21 அன்று அந்த நேரத்தில் கழியின் நிழல் சுமார் 1.2 மீட்டர் நீளத்தில் வடக்கே விழும். ஜூன் 21 அன்று, தென்மேற்குப் பருவமேகம் சற்றே விலகினால், அரை மீட்டருக்குச் சற்று மேலான நிழலைத் தெற்கே காணலாம். டெல்லியில் எந்நாளும் நண்பகல் நிழல் தெற்கே திரும்பாது. குமரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகை சொச்சத்தில் இருப்பதால், ஆண்டில் நான்கு மாதத்துக்கும் மேலாகச் சூரியன் இதற்கு வடக்கே நின்றுகொள்கிறது. அப்படிக் கடந்துபோகையில் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் ஒருமுறையும், திரும்பி வருகையில் ஆகஸ்ட் முடிந்து செப்டம்பர் பிறக்கும் நாட்களில் மறுமுறையும் அது நேர் உச்சிக்கு வரும். இரண்டாவது நாள் பல ஆண்டுகளில் ஓணத்துக்குப் பக்கத்திலேயே அமைகிறது. அன்று 12.20க்குக் கழியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஆளில்லாத ஊஞ்சற்பலகையின் நிழல், பலகைக்கு நேர்கீழே அதே அளவில் கிடக்கும்.