குழந்தைகளைப் பிடிக்குமாம், அது போதுமாம்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் என் தொலைபேசிக்கு ஓய்வில்லை. "நீட் கிடைக்கவில்லை மேடம். பெண்ணுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். உங்கள் துறையில் சேர்த்துவிடலாமா?" பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளிக்கும் நான் இதுவரை பொறுமையாகத்தான் பதில் சொல்லிவந்தேன். அண்மையில் ஒரு குழந்தையைப் பார்த்த பிறகு அந்தப் பொறுமை போய்விட்டது.

மூன்று வயதுப் பையன். பேச்சு வரவில்லை. அவன் போகும் மழலையர் பள்ளியில் 'குழந்தை வளர்ச்சி ஆலோசகர்' என்று ஓர் இளம்பெண். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு இணையத்தில் சில வாரச் சான்றிதழ் வாங்கியவர். ஆட்டிசம் என்று அவராகவே முடிவு கட்டி, மாதக்கணக்கில் பட அட்டை காட்டியிருக்கிறார். செவித்திறன் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. பையனுக்குக் காது கேட்கவில்லை! பேச்சு வராத குழந்தைக்கு முதலில் காதைச் சோதிக்க வேண்டும் என்பது எங்கள் முதலாண்டு மாணவிக்கே தெரியும். அந்தப் பெண்ணைவிட, அவரைத் தட்டிக்கொடுத்து அங்கே அனுப்பிய பெரியவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

குழந்தைகளை யாருக்குத்தான் பிடிக்காது? குளித்துப் பவுடர் பூசி வந்த குழந்தையைக் கொஞ்சுவது ஒரு வேலையே இல்லை. எங்களிடம் வருகிற குழந்தை கடிக்கும், எச்சில் வடிக்கும், ஒரு மணி நேரமும் நம்மைத் திரும்பிப் பார்க்காமல் போகும். கொஞ்சுகிறவர் குழந்தை சிணுங்கியதுமே பொம்மையைக் கையில் கொடுத்துவிடுவார். அது கை நீட்டும்வரை, வாய் திறந்து ஏதோ ஓர் ஒலி எழுப்பும்வரை பொம்மையைக் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பவர் நாங்கள். பாசம் மட்டும் இருந்தால் இது கைவராது. போதாக்குறைக்கு, பாதி நேரம் பேச வேண்டியது பெரியவர்களிடம். "இவன் அப்பாவும் தாமதமாகத்தான் பேசினான்" என்று அடித்துச் சொல்லும் பாட்டியையும் நாம்தான் சமாளிக்க வேண்டும்.

சேர்வதற்கு முன் பாருங்கள். பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு பயிற்சியுடன் நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் வேண்டும். (பேச்சுக்கு இயற்பியல் எதற்கு என்று கேட்பவர்கள் ஒலியியல் தாளில் அழுவார்கள்.) இதற்கும் சிறப்புக் கல்விப் படிப்புகளுக்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று அதன் இணையதளத்தில் தேடுங்கள், கல்லூரி விளம்பரத்தை நம்பாதீர்கள். கவுன்சிலில் பதியாமல் தொழில் செய்தால் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓராண்டுவரை சிறைகூடக் கிடைக்கலாம். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. போய் விசாரியுங்கள்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு கெஞ்சல். பிளஸ் ஒன்னிலேயே, அனுமதி வாங்கி, மாணவர்களை ஒரு காலை வேளை அங்கன்வாடியில் உட்கார வையுங்கள். மாணவிகளை மட்டுமல்ல, மாணவர்களையும். எங்கள் துறையில் ஆண்கள் போதாது. செல்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள், குழந்தைகளைப் படமெடுக்கக் கூடாது. ஒரே குழந்தையை அரை மணி நேரம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். 'சுட்டி', 'சமத்து' என்று எழுதினால் அந்தச் சொல்லைப் பேனாவால் அடித்துவிடுங்கள். எதை எடுத்தது, யாரைப் பார்த்தது, பெயர் சொல்லி அழைத்தபோது திரும்பியதா என்று எழுதட்டும். அரை மணியில் சலிப்புத் தட்டியவர்கள் வேறு படிப்புக்கு விண்ணப்பிக்க இன்னும் ஓராண்டு இருக்கிறது.