அன்சாட்ஸ்: ஊகமா, வடிவமா?

குவாண்டம் இயற்பியல் படிப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் 'அன்சாட்ஸ்'. ஆங்கில நூல்களிலும் இப்படியேதான் இருக்கும், ஆனால் பிறப்பால் இது ஜெர்மன் சொல். 'ஆன்' என்றால் மேல், ஒட்டி. 'ஸெட்சன்' என்றால் வைத்தல். ஊதுகருவியில் உதட்டைப் பொருத்தும் விதத்துக்கும் ஜெர்மன்காரர்கள் இதையேதான் சொல்கிறார்கள். ரொட்டிக்காகப் புளிக்கவைக்கும் மாவுக்கும் இதே பெயர் உண்டு. நம் வீட்டு உறைமோர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கில் இதன் வேலை என்ன? சமன்பாட்டை நேராகத் தீர்க்க முடியாதபோது, 'விடை இந்த வடிவில் இருக்கும்' என்று முதலிலேயே எழுதிவிடுகிறோம். அதில் ஒன்றிரண்டு எண்களை மட்டும் திருகிப் பார்க்க விட்டுவைக்கிறோம். எலக்ட்ரான்களின் நிலையைச் சொல்லும் கணிதச் சார்புக்கு அலைச்சார்பு என்று பெயர். இப்படி எழுதிய அலைச்சார்பு எதுவானாலும், அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் உண்மையான தாழ்நிலை ஆற்றலுக்குக் கீழே இறங்கவே இறங்காது. ஆகவே ஆற்றல் எங்கே மிகக் குறைகிறதோ அதுவரை திருகலாம். இதுதான் மாறுபாட்டு முறை. ஹீலியத்தில் இரண்டு எலக்ட்ரான்கள் உள்ளன. ஒன்று மற்றொன்றிடமிருந்து அணுக்கருவைக் கொஞ்சம் மறைப்பதால், அணுக்கருவின் மின்னூட்டமான 2-ஐத் திருகினால் 27/16-இல் நிற்கிறது. கிடைக்கும் ஆற்றல் −77.5 எலக்ட்ரான் வோல்ட், அளந்து கண்டது −79.0. ஒரே ஒரு எண்ணைத் திருகியதற்கு இது பரவாயில்லை.

திடப்பொருளில் இவ்வளவு சுலபமில்லை. நிக்கல் ஆக்சைடை எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதைப் பெரிதாகக் கணக்கில் கொள்ளாத ஆற்றல் பட்டைக் கொள்கைப்படி அதில் மின்சாரம் பாய வேண்டும், ஆனால் பாய்வதில்லை. 1937-இல் டி போயர், வெர்வே இருவரும் இந்த முரணைச் சுட்டினார்கள். நெவில் மாட் தந்த விளக்கத்தை டவுன் பஸ்ஸில் பார்க்கலாம். இருவர் அமரும் இருக்கை ஒவ்வொன்றிலும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் இன்னொருவர் வருவதை யாரும் விரும்பவில்லை. அப்புறம் யார் எங்கே இடம் மாற முடியும்? எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதாலேயே மின்கடத்தாப் பொருளாகிவிடும் இத்தகையவற்றுக்கு மாட் காப்பான் என்று பெயர். ஓர் எலக்ட்ரானின் இருப்பு மற்றொன்றை இப்படிக் கட்டுப்படுத்துவதை ஆங்கிலத்தில் 'ஸ்ட்ராங் கோரிலேஷன்' என்பார்கள், நாம் 'வலுவான ஒட்டுறவு' என்று மொழிபெயர்க்கிறோம். புள்ளியியலில் இருந்து வந்த சொல்தான், ஆனாலும் எனக்கு உறுத்துகிறது. இங்கே நடப்பது ஒட்டுவதல்ல, ஒதுங்குவது!

1963-இல் மார்ட்டின் குட்ஸ்வில்லர் இந்த ஒதுங்கலுக்கு ஓர் எளிய வடிவம் எழுதினார். அவர் அப்போது தேடியது காப்பானை அல்ல, உலோகங்களின் காந்தத்தன்மையை. சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்களின் அலைச்சார்பை எடுத்துக்கொண்டு, ஒரே அணுவில் இருவர் நெருக்கியடிக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் அதை ஓர் எண்ணால் பெருக்கினார். அந்த எண் 1 என்றால் எதுவும் மாறாது. 0 என்றால் இருவர் ஓரிடத்தில் இருப்பது அறவே ஒழியும்.

சரி, இது காப்பானைத் தருகிறதா? ஒற்றைப் பரிமாணச் சங்கிலியில் அந்த எண் 0 ஆனால்தான் தரும். கொஞ்சமாவது மிஞ்சினால் இருவர் இருக்கும் இரட்டை இடங்களும் யாருமில்லாத காலி இடங்களும் தனித்தனியே உலவி மின்சாரத்தைக் கடத்திவிடுகின்றன. அசல் காப்பானில் இரட்டை இடங்கள் சில இருக்கத்தான் செய்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் ஒரு காலி இடத்தோடு பிணைந்தே கிடக்கிறது. அந்தப் பிணைப்புக்குக் குட்ஸ்வில்லர் வடிவத்தில் இடமே இல்லை. எண்ணை எவ்வளவு திருகினாலும் அது வந்துவிடாது, வடிவத்தையே மாற்ற வேண்டும். பின்னால் வந்தவர்கள் அப்படித்தான் தொலைவு சார்ந்த காரணிகளைச் சேர்த்தார்கள்.

இனி தமிழ்ச் சொல். 'ஊகம்' என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் 1931-இல் ஹான்ஸ் பேத்தே காந்தச் சங்கிலிக்கு எழுதிய அன்சாட்ஸ் துல்லியமான விடையாகவே அமைந்தது. அதை ஊகம் என்றால் பொருந்துமா? 'எடுகோள்' நல்ல சொல், ஆனால் அது கருத்தைக் குறிக்கிறது, வடிவத்தை அல்ல. 'முயற்சிச் சார்பு' மாறுபாட்டு முறைக்குள் மட்டும் செல்லும். 'கருதுவடிவம்' என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. 'பேத்தே கருதுவடிவம்', 'குட்ஸ்வில்லர் கருதுவடிவம்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறவில்லை.