லைவ் லொகேஷனில் தொடங்கும் பிடி

வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என மூன்று அளவுகளில் பகிரலாம். கோபியிலிருந்து பெருந்துறைக்குக் காலேஜ் பஸ்ஸில் போகிற பெண்ணிடம் அவள் காதலன் முதலில் கேட்பது 15 நிமிடம்தான். "பஸ் ஏறிட்டியான்னு தெரிஞ்சாப் போதும் கண்ணு." கேட்க இதமாக இருக்கும். அடுத்த மாதம் அது 8 மணி நேரமாகும். பிறகு இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு வேண்டும். பிறகு லேபில் பக்கத்தில் நிற்கும் பையனோடு பேசக்கூடாது. இதுவரை ஒரு அடிகூட விழுந்திருக்காது. ஆனால் பாதி வேலை முடிந்துவிட்டது.

கணவனோ காதலனோ இருந்த 15–19 வயதுப் பெண்களில் சுமார் 24 சதவீதம் பேர் அவனிடமிருந்தே உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2024இல் கணக்குச் சொன்னது. மேலே சொன்ன லொகேஷனும் பாஸ்வேர்டும் அந்தக் கணக்கில் வராது. அடி விழுந்த பிறகுதான் ஒருத்தி அதில் சேர்கிறாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்போமே, அதை உளவியலில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1966இல் ஃப்ரீட்மேன், ஃப்ரேசர் என்ற இருவர் கலிஃபோர்னியாவில் வீடு வீடாகப் போய், 'கவனமாக ஓட்டுங்கள்' என்று எழுதிய பெரிய, கண்ணுக்கு லட்சணமில்லாத பலகையை வாசலில் நட்டுக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க வைத்தார்கள். நேராகக் கேட்டபோது ஒத்துக்கொண்டவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டு வாரம் முன்பே இதே விஷயத்துக்காக மூன்று அங்குலச் சீட்டு ஒன்றை வைக்கச் சம்மதித்திருந்த வீடுகளில் 76 சதவீதம். சின்னதற்குத் தலையாட்டியவர் 'நான் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிற ஆள்' என்று தன்னைப் பற்றித் தானே முடிவு கட்டிவிடுகிறார். அடுத்ததை மறுத்தால் தன் பேச்சைத் தானே மீறுவதுபோல் இருக்கும்.

எனவே அக்கறையா பிடியா என்று பார்க்க, சின்ன விஷயம் ஒன்றை மறுத்துப் பார்க்கலாம். "இன்னைக்கு லொகேஷன் போடலை." எதிர்ப்பக்கம் "சரி" என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போனால் அது அக்கறை. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, இருபது மிஸ்டு கால், "அப்போ என்மேல நம்பிக்கை இல்லையா" என்றால் கேட்டது லொகேஷனை அல்ல, கீழ்ப்படிதலை. ஏற்கெனவே கை நீட்டிய ஆளிடம் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

சரி, இவ்வளவு தெரிந்தும் ஏன் விட்டுவர முடிவதில்லை? "புத்தி எங்க போச்சு" என்று அத்தைமார் கேட்பது இங்கேதான். புத்தி எங்கும் போகவில்லை. உளவியலாளர் ஸ்கின்னர் தன் சோதனைப் பெட்டிக்குள் புறாக்களை விட்டு, வில்லையைக் கொத்தினால் தீனி விழும்படி செய்தார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே ஓய்ந்தது. எப்போது விழும் என்றே தெரியாமல் வாங்கிப் பழகிய புறா, நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்படும்வரை ஆட்கள் கூலிப்பணத்தை அதில் கொட்டியதும் இதே கணக்குத்தான். எப்போதாவது விழுந்த ஒரு நூறு ரூபாய் அடுத்த சீட்டை வாங்க வைத்தது. குரங்குகளின் மூளையை ஆராய்ந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், மூளையின் வெகுமதிப் பாதையிலுள்ள டோபமைன் செல்கள் எதிர்பாராமல் வந்த பழச்சாற்றுக்குப் பொங்குவதையும், எதிர்பார்த்தபடி வந்ததற்குச் சும்மா இருப்பதையும் கண்டார். தினமும் ஒழுங்காகப் பேசுகிறவனின் குட்மார்னிங்குக்கு மனம் துள்ளாது. மூன்று நாள் திட்டும் மௌனமுமாக இருந்தவன் நாலாம் நாள் பேக்கரி வாசலில் நின்று "சாரி" சொன்னால் துள்ளும். பதின்வயதில் இந்த வெகுமதிப் பாதை முழு வேகத்தில் ஓடுகிறது. அதற்குப் பிரேக் போடும் முன்மூளைப் பகுதி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும்.

கொங்கு நாட்டில் இதோடு இன்னொரு பாகமும் சேர்கிறது. அதுதான் ரகசியம். காதல் என்று தெரிந்தால் படிப்பு நிற்கும், ஜாதகம் வெளியே வரும். சாதி வேறென்றால் இன்னும் மோசம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சாதி மாறி மணந்த சங்கர் பட்டப்பகலில் கொல்லப்பட்டதை மறந்த ஊர் இங்கே இல்லை. அதனால் நல்ல காதலும் கெட்ட காதலும் ஒன்றுபோலவே மறைத்து வைக்கப்படுகின்றன. பிடி போடுகிறவனுக்குத் தனியாக ஆயுதம் தேவைப்படாது. "உங்கப்பாகிட்டச் சொல்லட்டுமா?" என்றால் போதும், வீட்டின் கோபமே அவனுக்குக் கருவி. 2019இல் வெளிவந்த பொள்ளாச்சி வழக்கில் பழகிக் கூட்டிப்போய், படம் பிடித்து, அதைக் காட்டியே பெண்களை மிரட்டினார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம் இல்லாத ஊரில் அந்தப் படங்களுக்கு அவ்வளவு வலு இருந்திருக்காது என்றே தோன்றுகிறது.

படத்தை வைத்து மிரட்டல் வந்தால் பலரும் செய்யும் முதல் தவறு, பயந்துபோய் வாட்ஸ்அப் சாட் முழுவதையும் அழிப்பது. அழிவது சாட்சி. எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட வேண்டும். பணமோ இன்னொரு படமோ கொடுத்தால் மிரட்டல் நிற்காது, விலைதான் ஏறும். 18 வயதுக்கு முன் எடுத்த படத்துக்கு 'டேக் இட் டவுன்', பிந்தையதற்கு 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற இலவசச் சேவைகள் இருக்கின்றன. படம் போனைவிட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை போன்ற ஓர் எண்வரிசை மட்டும் உருவாகி, இதில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும். அங்கே அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு நீக்குவார்கள். வெட்டியோ திருத்தியோ மாற்றிய படத்துக்கு எண்வரிசை மாறிவிடலாம் என்பதால், கையில் இருக்கும் எல்லா வடிவத்தையும் பதிய வேண்டும். வாட்ஸ்அப் தனிச்செய்திகளுக்குள் இது எட்டாது. அதற்கு தேசிய சைபர் கிரைம் புகார்த் தளம்தான் வழி. பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களை அங்கே பெயர் சொல்லாமலும் தெரிவிக்கலாம்.

விலகுகிற நாட்கள்தான் ஆபத்தானவை. லொகேஷனைச் சட்டென்று அணைத்தாலே தேடிக்கொண்டு வரலாம். அதனால் முதலில் ஒரு தோழிக்கும் ஒரு பெரியவருக்கும் சொல்லிவிட்டு, பிறகு வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பார்த்துத் தெரியாத கருவியை நீக்கி, பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். "கடைசியா ஒரு தடவை பாக்கணும்" என்ற அழைப்புக்கு, அணைக்கட்டுக்கோ மலைப்பக்கமோ மட்டுமல்ல, எங்குமே தனியாகப் போகக்கூடாது. தெளிவாக ஒரே செய்தி அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். நாற்பதாவது அழைப்பை எடுத்தால், நாற்பது தடவை அடித்தால் எடுப்பாள் என்று அவன் கற்றுக்கொள்கிறான். இப்போது புறா அவன். தீனி நின்றதும் கொத்து முதலில் கூடலாம், பிறகுதான் குறையும். கூடுகிற அந்த நாட்களில்தான் பலரும் மனமிறங்கிப் பேசிவிடுகிறார்கள். "செத்துப்போவேன்" என்று சொன்னால் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது அவளல்ல. அவன் வீட்டுக்கும் அவசர உதவி எண் 112க்கும் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் அவனுக்குக் கொடுக்கலாம். இதே வார்த்தையால் பையன்களைக் கட்டிப்போடும் பெண்களும் உண்டு. கேலி செய்வார்கள் என்று அந்தப் பையன்கள் வாயே திறப்பதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு சட்ட விவரம். 18 வயதுக்குக் கீழே பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே ஆசிரியரோ டாக்டரோ "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. "உனக்குத் தெரியாம எதுவும் செய்யமாட்டேன் அம்மிணி" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. குழந்தைகள் உதவி எண் 1098க்கோ பெண்கள் உதவி எண் 181க்கோ அவள் பக்கத்தில் உட்கார்ந்தே பேசலாம். இதற்கு நடுவே அவள் போனைப் பிடுங்குகிற வீடுகள்தான் அதிகம். போனோடு சாட்சியும் தோழியின் எண்ணும் போய்விடும். யாரோடு பேசலாம் என்று இன்னொருவர் முடிவுசெய்வது அவளுக்கு மறுபடியும் தொடங்கும்.