ஹலேயாகலா: நீர் குடைந்த பள்ளம், நெருப்பு நிரப்பிய தரை

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் இரண்டாவது பெரிய தீவான மாவியின் கிழக்குப் பகுதி முழுவதும் ஹலேயாகலா என்னும் ஒரே எரிமலையால் ஆனது. கடற்கரையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் காரில் ஏறிவிடக்கூடிய அதன் உச்சி 3,055 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 சதவீதமே என்பதால், காரை விட்டு இறங்கி வேகமாக நடப்பவர்களுக்கு உடனே மூச்சு வாங்கும். விளிம்பில் நின்று கீழே பார்த்தால், சுமார் 11 கிலோமீட்டர் நீளமும் 3 கிலோமீட்டர் அகலமும் 800 மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு மாபெரும் பள்ளம் விரிகிறது. மலையின் தலை வெடித்துச் சிதறியதால் உண்டான வாய் இது என்றே பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் அதைத் தோண்டியது நெருப்பன்று, மழைநீர். எப்படி என்பதை அறிய இந்த மலை எழும்பிய கதையைப் பார்க்க வேண்டும்.

ஹவாய்த் தீவுகளுக்கு அடியில், பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஓரிடம் இருக்கிறது. அதற்கு மேலே, பூமியின் மேலோட்டுத் துண்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை வடமேற்காக நகர்கிறது. ஒரு தீவு அந்த வெப்ப இடத்தின் மேல் இருக்கும் காலத்தில் அதன் எரிமலை இடைவிடாமல் வளர்கிறது. இளகி ஓடும் பசால்ட் குழம்பு வெகுதூரம் பரவி, படலத்தின் மேல் படலமாகப் படிவதால், செங்குத்தாக இல்லாமல் கவிழ்த்து வைத்த கேடயம் போன்ற சரிவுகளுடன் மலை எழுகிறது. ஹலேயாகலாவும் அப்படி எழுந்ததுதான். கடலடியிலிருந்து அளந்தால் அதன் உயரம் சுமார் 8 கிலோமீட்டர். மலையின் பெரும்பகுதி நீருக்குள்தான் மறைந்திருக்கிறது. இவ்வளவு எடையைத் தாங்க முடியாமல் கடலடித் தட்டே வளைந்து அமிழ்கிறது. ஒரு காலத்தில் ஒரே நிலப்பரப்பாக இணைந்திருந்த மாவி, மொலகாய், லனாய், கஹோலவே ஆகியவை இன்று தனித்தனித் தீவுகளாக நிற்பதற்கு இந்த அமிழ்வே முக்கியக் காரணம்.

வெப்ப இடத்தை விட்டுத் தீவு விலகத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. கீழிருந்து வரும் மாக்மாவின், அதாவது உருகிய பாறைக் குழம்பின், அளவு குறைய, மலையின் மேற்பகுதியில் இருந்த மாக்மா அறை குளிர்ந்து இறுகிவிடுகிறது. அதன்பின் வரும் மாக்மா மிக ஆழத்திலேயே நெடுங்காலம் தங்குகிறது. அங்கே அதிலிருந்து சில கனிமங்கள் படிகமாகிப் பிரிந்துவிட, எஞ்சும் குழம்பில் சோடியமும் பொட்டாசியமும் கூடுகின்றன. பிசுக்கும் வாயுவும் மிகுகின்றன. எனவே மலையின் முதிர்ந்த பருவத்தில் வெடிப்புகள் அரிதாகவே நிகழ்கின்றன, ஆனால் முன்பைவிடச் சீற்றத்துடன் நிகழ்கின்றன.

அந்த அரிதான வெடிப்புகளுக்கு இடையே கிடைத்த நீண்ட ஓய்வில்தான் மழை தன் வேலையைச் செய்தது. வடகிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று ஈரத்தைச் சுமந்து வந்து சரிவுகளில் பெருமழையாகக் கொட்டுகிறது. வடக்கே கெயானே, தெற்கே கௌப்போ என்ற இரு பள்ளத்தாக்குகளின் ஓடைகள் தங்கள் தலைப்பகுதியைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டே மலையுச்சியை நோக்கிப் பின்னேறின. இறுதியில் இரண்டும் உச்சிக்கருகே சந்தித்தபோது, அவற்றைப் பிரித்த முகடு தேய்ந்து ஒரே நீண்ட பள்ளமாயிற்று. இன்றும் அதன் சுவரில் வடக்கேயும் தெற்கேயும் பெரிய வாயில்கள் போன்ற இரண்டு திறப்புகள் இருப்பதைக் காணலாம். அவையே அந்தப் பழைய பள்ளத்தாக்குகள் உள்ளே நுழைந்த வழிகள். எரிமலையைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு திறப்புகளைத்தான் என்பேன். பள்ளம் உருவான வரலாறு அங்கேதான் வெளிப்படையாகத் தெரிகிறது.

பள்ளம் தோன்றிய பிறகு நெருப்பு திரும்பி வந்தது. பள்ளத்தின் தரையிலேயே புதிய வெடிப்புகள் நிகழ்ந்து, வழிந்த குழம்பு பள்ளத்தாக்குகளின் அடியை மூடிச் சமன் செய்தது. வாயு மிகுந்த குழம்பு நீரூற்றுப்போல் பீறிட்டு, காற்றிலேயே துளித்துளியாக உறைந்து, நுண்துளைகள் நிறைந்த கசடாக வாயைச் சுற்றி விழுந்து குவிந்தது. தரையில் வரிசையாக நிற்கும் கூம்புக் குன்றுகள் அப்படிக் குவிந்தவையே. அவற்றில் மிக உயரமானது 180 மீட்டரைத் தாண்டும். கசடிலுள்ள இரும்பு, சூடாக இருந்தபோது காற்றோடும் நீராவியோடும் சேர்ந்து ஆக்சைடானதால் சில கூம்புகள் செம்மண் நிறத்தில் இருக்கின்றன. அவ்வாறு மாறாதவை கருமையாகவே நிற்கின்றன.

இந்தக் கசடுத் தரையில் விழும் நீர் தங்காது, உடனே கீழே இறங்கிவிடும். உச்சியில் மழையும் குறைவு. ஏறத்தாழ 2,000 மீட்டருக்கு மேலே, வழக்கத்துக்கு மாறாகக் குளிர்ந்த காற்றின்மேல் வெப்பமான காற்றடுக்கு மூடிபோல் படர்ந்து மேகங்களைக் கீழேயே நிறுத்திவிடுகிறது. இப்படிப்பட்ட வறட்சியில் வெள்ளி மயிர் போர்த்த இலைகளுடன் வளரும் ஆஹினாஹினா என்ற செடியின் இந்த வகை உலகில் ஹலேயாகலாவில் மட்டுமே உள்ளது. பல பத்தாண்டுகள் காத்திருந்து, ஒரே ஒரு முறை பூத்து அது மடிகிறது. அதன் வேர்கள் மேலோட்டமாகப் பரவுபவை. அருகில் மிதிக்கும் ஒரு காலடியே அவற்றை நசுக்கிவிடும் என்பதால், நடைபாதையை விட்டு விலகாதிருப்பது அங்கே செல்பவர்களின் தலையாய கடமை.

சரி, இந்த மலை கடைசியாக எப்போது வெடித்தது? நீண்ட காலம் 1790 என்றே சொல்லப்பட்டது. 1786-இல் பிரெஞ்சு மாலுமி லா பெரூஸ் வரைந்த படத்தில் தென்மேற்குக் கரையில் அகன்ற விரிகுடா ஒன்று இருந்தது. 1793-இல் வான்கூவரின் பயணத்தில் வரையப்பட்ட படத்திலோ அதே இடத்தில் நிலம் கடலுக்குள் நீண்டிருந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் லாவா வழிந்திருக்க வேண்டும் என்று கருதினார்கள். ஆனால் லாவாவுக்கு அடியில் கருகிக் கிடந்த தாவரங்களின் கரியைக் கார்பன் முறையில் கணித்தபோது காலம் இன்னும் பின்னே சென்றது. லாவாவே இன்னொரு சாட்சியும் சொன்னது. குழம்பு குளிரும்போது அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் அப்போதைய புவிக்காந்தப் புலத்தின் திசையை அப்படியே பதித்துக்கொள்கின்றன. அந்தத் திசை நூற்றாண்டுதோறும் சற்றே மாறுவதால், பாறையில் பதிந்த திசையை அளந்து அது உறைந்த காலத்தைக் கண்டறியலாம். இவற்றின்படி கடைசி வெடிப்பு 1480-க்கும் 1600-க்கும் இடையே நிகழ்ந்தது. பழைய இரு படங்களுக்கு இடையிலான வேறுபாடு, வரைந்த விதத்தில் இருந்ததே தவிரக் கரையில் இல்லை.

நானூறு ஆண்டு அமைதி நமக்கு நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் கடந்த 1,000 ஆண்டுகளில் ஹலேயாகலா குறைந்தது 10 முறை வெடித்திருக்கிறது. வெடிப்புகளும் சீரான இடைவெளியில் வந்தவை அல்ல. ஆகவே அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் இதை இன்றும் செயற்படும் எரிமலையாகவே கருதுகிறது. அடுத்த வெடிப்பு பள்ளத்துக்குள்தான் நிகழும் என்றும் இல்லை. உச்சியிலிருந்து ஒரு பிளவு வலயம் தென்மேற்கே லா பெரூஸ் விரிகுடா வரைக்கும், இன்னொன்று கிழக்கே ஹானா வரைக்கும் இறங்குகின்றன. மாக்மா அவற்றின் எந்தப் புள்ளியிலும் வெளிவரலாம். மாக்மா மேலேறினால் பாறைகள் உடைந்து சிறு நிலநடுக்கங்கள் ஏற்படும், தரையும் சற்றே புடைக்கும். ஹவாய் எரிமலை ஆய்வகம் நில அதிர்வுக் கருவிகளையும் ஜிபிஎஸ் நிலையங்களையும் கொண்டு இந்த அறிகுறிகளையே கண்காணித்து வருகிறது.